கன்னத்தோரம் ஒரு தையல்

"சிரிக்கிற போட்டோவப் போட்டா எவன் சட்டை வாங்குவான்னு கேட்டாராம் மேனேஜர். மூக்குல குழாய் வச்ச படந்தான் எடுபடுமாம்."

"உனக்கு யாருக்கா சொன்னா?"

"எனக்கு யாராச்சும் வந்து சொல்லணுமா?" பக்கத்து மெஷின்காரி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். சும்மாவா அவளை எல்லாரும் ரேடியோ அக்கா என்கிறார்கள்.

கேட்டவள், அந்தப் போட்டோவிலிருக்கும் குழந்தையின் அம்மா, அடுத்த துணியை ஊசிக்கு அடியில் தள்ளினாள். காலடிக் கூடையில் அவள் பெண்ணின் முகம் அடுக்கடுக்காகக் கிடந்தது. வெள்ளை பனியன் துணியில் அச்சடித்த முகம், பாதி மூடிய கண், மூக்கில் குழாய். முதுகுப்பக்கம் கம்பெனியின் பெயர், முகத்தைவிடப் பெரிதாக.

எட்டு மாதமாகியும் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை. பால் இறங்கவில்லை. மரபணுவில் ஏதோ ஓர் எழுத்து பிசகியிருக்கிறது என்றார் டாக்டர். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளுக்குத்தான் அது இருக்கிறதாம். மருந்து கிடையாது. மருந்து தேட ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அதற்குப் பணம் இல்லை. அவளும் லாரி ஓட்டும் அவள் புருஷனும் பஸ் நிறுத்தங்களில் உண்டியல் குலுக்கினார்கள். ஒருத்தன், பிள்ளையைக் கிள்ளி அழவிட்டால் காசு நன்றாக விழும் என்று யோசனை சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

விஷயம் கம்பெனியின் காதுக்கு எட்டியது. சட்டை விற்று ஆராய்ச்சிக்குக் கொடுப்போம் என்றது. லீவு நாளில் தையல் லைன் முழுக்க வந்து தைக்க வேண்டும். "தர்ம காரியத்துக்குக் கூலி கேப்பீங்களா?" என்று மேனேஜர் மைக்கில் கேட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

நாளைக்கு அந்த ஆராய்ச்சி டாக்டர் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார். பிள்ளை, அம்மா, அப்பா மூவரும் ஒன்றாக வந்து ரத்தம் கொடுத்தால்தான் பிள்ளையை ஆராய்ச்சியில் சேர்ப்பார். மத்தியானமே விமானம் ஏறிவிடுவார். லாரிக்காரன் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிவிட்டான். அவள் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

"இன்னொரு தடவ கேட்டுப் பாக்கட்டுமாக்கா?"

"கேளுடி. அவங்களுக்கு உன் புள்ள வேணும், நீ வேணாம். நல்லாருக்கு நியாயம்."

அச்சு ஓரத்தை ஒட்டி விழுந்திருந்தது. பக்கத் தையலை நேராக ஓட்டினால் ஊசி கன்னத்தில் ஏறும். முகம் ஊசிக்கு அடியில் வரும்போதெல்லாம் அவள் கை தன்னையறியாமல் துணியை விலக்கியது. தையல் கோணிக்கொண்டு போயிற்று.

சூப்பர்வைசர் வந்து ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா, இத்தன வருஷம் இங்க குப்ப கொட்டிட்டு நேரா ஒரு தையல் ஓட்ட வராதா?"

"கன்னத்துல ஏறுது சார்."

"படந்தானே? வலிக்கவா போகுது?"

ரேடியோ அக்காவின் மெஷின் நின்றது. "உங்க புள்ள படம் ஒண்ணு எடுத்துட்டு வாங்க சார். நான் நேரா ஓட்டிக் காட்டறேன்."

அவர் காதில் விழாததுபோல் கோணல் சட்டைகளைத் தனியே பிரித்தார். கழித்த சட்டையை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போய்விடக் கூடாது என்று குறுக்கே வெட்டிப்போடுவது கம்பெனி வழக்கம். கத்தரிக்கோலை எடுத்தார்.

"இந்த லாட் நாளைக்குக் கெளம்பணும். உன் புள்ளைக்காகத்தானே எல்லாரும் மாடா உழைக்கறோம்? நீயே கெடுத்தா எப்படி?"

கத்தரி காதோரம் நுழைந்து மூக்குக் குழாயைத் தாண்டி மறுபக்கம் வந்தது. வெட்டிய பாதி, மெஷின் துடைக்கும் கந்தல்களின்மேல் விழுந்தது. அவர் அடுத்ததை எடுத்தார்.

அவள் எழுந்தாள். சூப்பர்வைசர் முன்னால் எப்போதும் கட்டிக்கொள்ளும் கைகளை இன்று கட்டவில்லை.

"சார், நாளைக்குக் காலைல எனக்கு அரை நாள் லீவு வேணும். நான் போனாத்தான் புள்ளையச் சேத்துப்பாங்க. குடுங்க சார்."

அவர் அடுத்த சட்டையை உதறி, முகம் மேலே தெரியும்படி மேஜைமேல் விரித்தார், வெட்டுவதற்கு வாகாக.