மாடியில் அரை

நர்ஸம்மாவுக்கு, வாங்கப்போகிற அந்த வீடு என்றால் மாடியறைதான். கீழே கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் இருந்தன. அவற்றைக் கணவரும் பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று பெரிய மனசோடு விட்டுவிட்டாள். இரவுப் பணி முடிந்து வந்து, வாடகை வீட்டின் ஒற்றை அறையில் திரைக்குப் பின்னால் படுத்து, குக்கர் விசிலுக்கும் பிள்ளைகளின் சண்டைக்கும் நடுவே கோழித் தூக்கம் தூங்கியே வருஷங்கள் ஓடிவிட்டன. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஓர் அறை, அதுவும் சொந்த அறை. நினைக்கும்போதே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரம் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட்டது ஒரே ஓர் எழுத்து. வங்கியின் வக்கீல் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"'மேல்மாடி அரை'ன்னு எழுதியிருக்கும்மா. அப்ப மாடியில பாதிதான் விக்கிறவருக்கு. மீதிப் பாதி யாருதுன்னு தெரியாம கடன் குடுக்க முடியாது."

கணவர் லிப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பதறாதீங்க என்று சொல்லியே பழகியவர், அவளிடமும் அதையே சொன்னார். அவள் நன்றாகவே பதறினாள். மாதம் முடிந்தால் வங்கி கொடுத்த அனுமதி காலாவதி. அந்த வீட்டின் மேல் கண் வைத்து இன்னொரு குடும்பம் வேறு காத்திருந்தது.

வீட்டை விற்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், கழற்றி மறுபடியும் துடைத்தார். அது அறைதான், பெரிய 'ற' வரவேண்டிய இடத்தில் சின்ன 'ர' விழுந்துவிட்டது, எழுதியவன் கைத்தவறு என்றார். எழுதியவர் யார் என்று கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசினார். பிழைதிருத்தல் பத்திரம் போட்டால் தீர்ந்தது; ஆனால் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணனும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அண்ணன் இருந்தது அடுத்த வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிப் பல காலமாயிற்று.

அண்ணன் சைக்கிள் கடை நடத்தியவர். மாடியில் பாதி எனக்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற திகிலோடு நர்ஸம்மா போய் நின்றாள். அவருக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எழுத ஆள் வைக்கலாம்னு சொன்னேன். தமிழ் வாத்தியார் நான் இருக்கும்போது எதுக்குன்னு அவனே உக்காந்து எழுதினான். இப்ப அவனே வந்து, தப்பு என்னோடதுன்னு சொல்லட்டும். அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடறேன்."

ஆசிரியர் முரண்டு பிடித்தார். ஒற்றுப்பிழைக்கே பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவர், போயும் போயும் அண்ணனிடம் போய் அதைச் சொல்வாரா? வீட்டை விற்கவே வேண்டாம் என்றார். நர்ஸம்மா கசப்பு மருந்தைக் குடிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்ட எத்தனையோ பேரைப் பார்த்தவள். அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தேற்றும் வார்த்தை எதுவும் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கேன் சார். பகல்ல தூங்க எனக்கு அந்த ரூம் வேணும். அரை ரூம்ல எப்படி சார் தூங்கறது?"

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவள் பின்னாலேயே ஓடினாள். அந்த அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டதுகூடத் தெரியவில்லை.

அண்ணன் வீட்டு வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி ஆசிரியர் சொன்னார்: "தப்பு என்னோடதுதான் அண்ணே."

இதற்காகவே சிரிப்பைச் சேர்த்து வைத்திருந்த அண்ணனுக்கு, என்ன காரணமோ, சிரிப்பு வரவில்லை. உட்காருடா என்றார். பத்திர ஆபீஸ் எப்போது திறக்கும் என்று நர்ஸம்மாவிடம் கேட்டார். இப்பவே திறந்துதான் இருக்கு என்று அவள் சொன்ன வேகத்தில் இருவரும் திடுக்கிட்டார்கள்.

மாதம் முடிவதற்குள் சாவி கைக்கு வந்தது. குடிபோன மறுநாள் காலை, பணி முடிந்து வந்தவள் நேரே மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். பாயை விரித்துப் படுத்தாள். கீழே பொட்டுச் சத்தம் இல்லை. பிள்ளைகளைக் கணவர் மிரட்டி வைத்திருந்தார். சுவர் அவளுடையது, கூரை அவளுடையது. சந்தோஷத்தில் மனசு கிடந்து துள்ளியது, தூக்கம்தான் கிட்டே வரவில்லை. இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள். கடைசியில் எழுந்து கதவைத் திறந்து, எல்லாரும் மேலே வாங்க என்று கூப்பிட்டாள்.

பிள்ளைகள் தடதடவென்று ஏறி வந்தன. ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை கிளம்பியது. கணவர் அதட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அந்தக் கூச்சலின் நடுவே அவள் நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.