எட்டாம் பக்கத்து வாக்கியம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார்மேல் கோபம் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்தால் சுவாரசியமாக இருக்கும். அந்த மாதிரிக் கெட்டிக்காரத்தனத்தால்தான் இவ்வளவும் வந்தது. அதனால் இப்போதே சொல்கிறேன்: ஒரு சிமென்ட் கம்பெனிமேல். அதைவிட அதிகமாக என்மேல்.

முதல் தொடக்கம்: அந்தக் கம்பெனிக்குப் புதிய ஆலை கட்ட…

இரண்டாம் தொடக்கம்: அண்ணி கையெழுத்துப் போட்ட அன்று நல்ல மழை…

(மழை என்ன பாவம் செய்தது? அடித்துவிட்டேன்.)

2

கம்பெனிக்குப் பணம் வேண்டும். வங்கி குடைந்து குடைந்து கேள்வி கேட்கும். அதனால் வேண்டிய கடனைத் துண்டு துண்டாக்கி நம்மிடம் விற்கிறார்கள். அதுதான் கடன் பத்திரம். வருஷா வருஷம் வட்டி, ஐந்தாம் வருஷம் அசல். இதில் தப்பே இல்லை. சிலவற்றுக்குக் கம்பெனியின் நிலமோ இயந்திரமோ ஈடாக இருக்கும். சிலவற்றுக்கு வெறும் வாய்ச்சொல்தான். வாய்ச்சொல்லுக்கு வட்டி அதிகம். ஏன் அதிகம் என்றுதான் யாரும் கேட்பதில்லை.

3

அந்தக் கம்பெனியின் கடன் பத்திரம் பற்றிய நூற்று நாற்பது பக்க ஆவணத்தை எட்டுப் பக்கத் தமிழ்க் கையேடாக எழுதித் தந்தவன் நான். முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: ‘கம்பெனி நொடித்துப்போனால் உங்கள் பணத்துக்கு ஈடு எதுவும் கிடையாது.’

பத்திர வெளியீட்டைக் கவனித்த மேலாளர் கூப்பிட்டார். (அவரை வில்லனாக்க மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தவர்.)

“சார், தமிழ் பிரமாதம். ஆனா இதைப் படிச்சா ஜனங்க பயந்துருவாங்க. கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிருங்க. சட்டப்படி எங்கயாவது இருந்தாப் போதும்.”

அதையே மின்னஞ்சலிலும் அனுப்பினார். நான் தள்ளியதோடு நிற்கவில்லை, மெருகும் ஏற்றினேன்: ‘வெளியீட்டாளரின் செலுத்துதிறன் குன்றும் பட்சத்தில் இப்பத்திரங்கள் ஈடு சாராதவையாம்.’ இதை எழுதிவிட்டுப் பெருமைப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

4

அண்ணன் இறந்ததும் அவன் அலுவலகம் கொடுத்த பணத்தை, மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று அண்ணி வைத்திருந்தார். அதில் அந்தப் பத்திரங்களை வாங்கிய பிறகுதான் என்னிடம் சொன்னார்.

“எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க தம்பி! யாரையும் கேக்காம நானே படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்.”

கையேட்டில் எழுதியவர் பெயர் போடுவதில்லை. நானும் சொல்லவில்லை. அன்றே விற்றிருந்தால் பணம் முழுசாகத் திரும்பியிருக்கும்.

இரண்டே வருஷத்தில் கம்பெனி படுத்துவிட்டது. நூற்றுக்கு இருபது வாங்கிக்கொண்டு ஒதுங்கச் சொல்லி ஒரு படிவம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் அத்தோடு சரி, அப்புறம் வழக்குப் போட முடியாது. சிலர் வழக்குப் போடப்போகிறார்கள். எச்சரிக்கையை வேண்டுமென்றே ஒளித்தார்கள் என்பதற்கு அவர்களிடம் ஆதாரம் இல்லை. என்னிடம் இருக்கிறது.

5

முடிவு அ: மின்னஞ்சலைக் கொடுக்கிறேன், வழக்கு ஜெயிக்கிறது. (யாருக்குத் தெரியும்?)

முடிவு ஆ: சத்தமில்லாமல் கல்லூரிக் கட்டணத்தை நானே கட்டிவிடுகிறேன். (கோழைத்தனத்துக்குத் தவணை வசதி.)

முடிவு இ: இனிமேல்தான் நடக்க வேண்டும். சமையலறை மேஜையில் படிவம் விரிந்து கிடக்கிறது. அண்ணி பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

“எட்டாம் பக்கத்துல போட்டிருக்காங்களாம் தம்பி. நான்தான் ஒழுங்காப் படிக்கல, இல்ல?”

“இல்லண்ணி. நீங்க ஒழுங்காத்தான் படிச்சீங்க. அதை அப்படி எழுதினது…”

வாசகரே, மிச்சத்தை நீங்கள் இந்நேரம் சொல்லி முடித்திருப்பீர்கள். உங்களால் முடியும். அண்ணி உங்கள் முகத்தையா பார்த்துக்கொண்டிருக்கிறார்?