கூறு வைத்த தசாவதாரம்

கீழ்வீட்டில் பொன்செல்வியின் போன் ‘டிங்’ என்று அடித்தால் மேல்வீட்டில் ஆறுமுகத்தாயின் வயிறு பற்றிக்கொள்ளும். அன்றைக்குக் காலையில் தோசை ஊற்றி முடிப்பதற்குள் நான்கு தடவை அடித்துவிட்டது. நாலாவது தோசை கருகியது. சாப்பிட உட்கார்ந்திருந்த மகாராஜா தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கருகினதைப் பிய்த்துச் சத்தமில்லாமல் ஓரத்தில் வைத்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எந்தத் திருப்பத்தில் ஆரன் அடிக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

“எட்டு மணிக்குள்ள நாலு ஆர்டரு. அப்படி என்னதான் மாயம் பண்ணுதாளோ,” என்றாள் ஆறுமுகத்தாய்.

பொன்செல்வி அவளுடைய ஓரகத்தி. மகாராஜாவின் தம்பி இசக்கியப்பனுக்கு வாக்கப்பட்டவள். முத்தையாபுரத்தில் மாமனார் கட்டிய வீட்டில் மாடி மூத்தவருக்கு, கீழ்த்தளம் இளையவனுக்கு. பொன்செல்வி போனில் விற்றது தங்கமா, முத்தா? ஒன்றும் கிடையாது. பழைய தீப்பெட்டிப் படங்கள்! மாமனார் கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். அடித்த ஒவ்வொரு படத்திலும் ஒன்றை எடுத்து, வரிசை வரிசையாகக் கட்டுப் போட்டுத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். அவர் இருந்த வரைக்கும் அந்தப் பெட்டியை ஒருவரும் சீண்டவில்லை. பழைய சாமான் விற்கிற இணையதளத்தில் இதற்கெல்லாம் ஆள் இருக்கிறது என்று இசக்கியப்பன் சொன்ன பிறகுதான் பெட்டிக்கு மவுசு வந்தது.

அவர்களுக்குப் பூர்வீகம் ஏரல் பக்கம், நெல் விளைகிற ஊர். அம்மன் கோயில் கொடை விழாவில் கிடா வெட்டினால் வரி கொடுத்த வீட்டுக்கெல்லாம் கூறு வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி ஒரு துண்டு, ஈரல் ஒரு துண்டு, எலும்பு ஒரு துண்டு. எவனும் குறை சொல்ல முடியாது. அந்த நியாயத்தைத்தான் ஆறுமுகத்தாய் தகரப்பெட்டிக்கும் வைத்தாள்.

“கட்டுக்கட்டா பிரிச்சுக்கிடலாம் மைனி,” என்று இசக்கியப்பன் சொல்லிப் பார்த்தான்.

“அதெப்படி? நல்ல கட்டு அங்கன போயிட்டா? எல்லாத்தையும் உருவுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு.”

அப்படியே நடந்தது. மூவாயிரம் படத்தையும் தரையில் பரப்பி, ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தார்கள். தசாவதாரம் பத்துப் படமாக ஒரு வரிசை. மச்சம் மாடிக்கு, கூர்மம் கீழ்வீட்டுக்கு. வராகம் மாடிக்கு, நரசிம்மம் கீழ்வீட்டுக்கு. இப்படியே போய், ராமரும் கிருஷ்ணரும் மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். பலராமரும் கல்கியும் கீழே தங்கிவிட்டார்கள். ராமரும் கிருஷ்ணரும் நம் பக்கம் என்று ஆறுமுகத்தாய்க்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஆனால் வியாபாரம் என்று வந்தபோது கீழ்வீட்டுப் பெட்டி ஓடுகிறது, ராமர் இருக்கிற மேல்வீட்டுப் பெட்டி அசையவே இல்லை. ஒரு படம் இருபது ரூபாய், கூரியர் ஐம்பத்தைந்து தனி என்று போட்டிருந்தாள் ஆறுமுகத்தாய். இருபது ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய் கூலி கொடுக்க எவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது? இரண்டு மாதமாக ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

கீழ்வீட்டுக் கடையைப் போனில் திறந்து பார்த்தாள். ‘ஒரு படம் முப்பது ரூபாய். டெலிவரி இலவசம்.’ அந்த வரியைப் பார்த்ததுமே கண் எரிந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது, அதைப் படிக்கப் பொறுமை இல்லை. “அவ முப்பதுக்கு இலவசமா குடுத்தா நான் இருபதுக்குக் குடுக்கேன். யாருக்கு வருதுன்னு பாப்போம்!” என்று தன் கடையிலும் டெலிவரி இலவசம் என மாற்றிப் போட்டாள்.

வந்தது. ஒரே வாரத்தில் பதினோரு ஆர்டர். மேல்வீட்டிலும் போன் அடித்தது. அடிக்கிற நேரமெல்லாம் மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்தாள், கீழே கேட்க வேண்டும் என்று.

வாரக் கடைசியில் மகாராஜா ஒரு தாளை எடுத்துக் கூட்டிக் கழித்தார். இருபது ரூபாயில் தளத்துக்காரன் ஆர்டருக்குப் பத்து, அதற்கு மேல் விலையில் பத்தில் ஒரு பங்கு என்று பன்னிரண்டு ரூபாயைப் பிடித்துக்கொள்கிறான். மிச்சம் எட்டு. கூரியர் ஐம்பத்தைந்து. ஆக, ஒவ்வொரு படத்துக்கும் நாற்பத்தேழு ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது.

“ஏளா, படத்தையும் குடுத்து, கூடவே ரூவாயும் குடுத்து அனுப்பியிருக்க. இதுக்குப் பேரு யாவாரமா? புலியைப் பாத்துப் பூனை சூடு போட்ட கதைதான்.”

“அப்ப அவளுக்கு மட்டும் எப்படிக் கட்டுது?”

“அதை அவகிட்டல்லா கேக்கணும். மாடிப்படி பதினாலுதான்.”

“அவகிட்ட நான் கேக்கணுமா? செத்தாலும் கேக்க மாட்டேன்.”

மகாராஜாவுக்கு அன்றைக்கு அபூர்வமாகக் கோபம் வந்தது. “சரி, இந்த மாசம் முப்பதுக்குள்ள ஒத்த ரூவா லாபம் காட்டு. இல்லன்னா பெட்டியைக் கீழ குடுத்துருவேன். அவளாவது வித்துட்டுப் போறா.” படியில் நின்றாலே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டு லாரிக்குப் போய்விட்டார்.

பெட்டியைக் கீழே கொடுப்பதா! அந்தக் கூறுக்காக அவள் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறாள். ராமரையும் கிருஷ்ணரையும் பொன்செல்வி கையில் கொடுப்பதை நினைத்து, போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தாள்.

இருபத்திரண்டாம் தேதி அவள் கடைக்கு ஒரு செய்தி வந்தது. ஆழ்வார்திருநகரியிலிருந்து சம்பத்குமார் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ‘அம்மா, தங்களிடம் தசாவதாரத்தில் ஐந்து படங்கள் பார்த்தேன். தனிப்படமாக வேண்டாம். பத்தும் சேர்ந்து கிடைத்தால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன். தபால் செலவும் என்னுடையது.’

ஆயிரத்து ஐந்நூறு! ஆறுமுகத்தாய் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தாள். மற்ற ஐந்தும் எங்கே இருக்கிறது? காலுக்குக் கீழே, பதினான்கு படி இறங்கினால். கறியைக் கூறு வைத்தால் இரண்டு வீட்டிலும் குழம்பு கொதிக்கும். சாமியைக் கூறு வைத்தால் இரண்டு வீட்டிலும் சாமி முழுசாக இல்லை. இது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய, இறங்கிப் போய்க் கேட்கக் கால் வரவில்லை.

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் இருக்கிற தம்பி தங்கப்பாண்டிக்குப் போன் போட்டாள். “ஏலே, பொன்செல்வி கடையில தசாவதாரம் அஞ்சு படம் கிடக்கு. அதை ஆர்டர் போடு. உன் பேரைப் போட்டுராத, கண்டுபிடிச்சிருவா. உன் பொண்டாட்டி பேர்ல போடு.”

“யக்கா, ஒரே வீட்டுக்குள்ள இருந்துகிட்டு எதுக்குக்கா இந்தக் கூத்து?”

“சொன்னதைச் செய்யிலே.”

நூற்றைம்பது ரூபாய் கட்டி அவனும் போட்டான். அப்போதுதான் தெரிந்தது, பொன்செல்வி ஒற்றைப் படமாக யாருக்கும் விற்பதில்லை. அன்றைக்கு ஆறுமுகத்தாய் படிக்காமல் விட்ட வரி அதுதான், ‘குறைந்தது ஐந்து’. ஐந்தாகச் சேர்த்து விற்றால் தளத்துக்காரன் பிடிக்கிற பத்து ரூபாய் ஐந்து படத்துக்கும் சேர்த்து ஒரே தடவைதான். கள்ளி! என்று பல்லைக் கடித்தாள் ஆறுமுகத்தாய். திட்டினாளா மெச்சினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

இருபத்தேழாம் தேதி தங்கப்பாண்டி உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு. “கூரியரெல்லாம் இல்லக்கா. தபால்காரர்தான் கொண்டாந்தாரு. பாரு, பத்து ரூவா ஸ்டாம்பு.”

சாதாரணக் கல்யாணப் பத்திரிகை உறை. உள்ளே படம் மடங்காமல் இருக்க, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை அட்டையாக வைத்து, படங்களைக் கண்ணாடித்தாளில் சுற்றி அதில் ஒட்டியிருந்தது. ஊரில் எந்த வீட்டு பீரோவுக்கு மேலே கல்யாணப் பத்திரிகை குவிந்து கிடக்கவில்லை? காசு கொடுத்து அட்டை வாங்க வேண்டியதில்லை, பெட்டி வேண்டியதில்லை, கூரியர்காரனுக்கு அழ வேண்டியதில்லை. மாயமும் இல்லை மந்திரமும் இல்லை, இவ்வளவுதான்!

ஆறுமுகத்தாய் பத்திரிகையைத் திருப்பினாள். மணமகன் தங்கப்பாண்டி. மணமகள் சுடலைச்செல்வி.

“எங்க கல்யாணப் பத்திரிகையேதான்,” என்றான் தம்பி. “பாத்துதான் வச்சிருக்கா. பின்னாடி எழுதியிருக்கு, படி.”

பின்பக்கம் நீல மையில் பொன்செல்வியின் உருண்டை எழுத்து. ‘யக்கா, நேர்ல குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க. அந்த சார் முதல்ல என்கிட்டதான் கேட்டாரு. ராமரும் கிருஷ்ணரும் அக்காகிட்ட இருக்கு, அங்கன கேளுங்கன்னு நான்தான் சொல்லிவிட்டேன். விலையைக் குறைச்சிராதீங்க.’

ஆறுமுகத்தாய்க்குக் காது வரைக்கும் சுட்டது. அவளுக்கென்று வந்த ஒரே ஒரு நல்ல ஆளையும் இவள்தான் அனுப்பியிருக்கிறாள்! ஆர்டரும் அவளுக்கு, புத்தியும் அவளுக்கு. நல்லவள் என்கிற பெயராவது கூறு வைத்து ஆளுக்குப் பாதி வரக்கூடாதா? அதையும் முழுசாக அவளே அள்ளிக்கொண்டு போக வேண்டுமா? இத்தனை நாள் பட்ட பொறாமை எல்லாம் சும்மா என்பது போல, இப்போது பொறாமை வந்தது. படங்களைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். முப்பதுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அனுப்பவில்லை. பத்தையும் வரிசையாக அடுக்கி, வேறு ஒரு கல்யாணப் பத்திரிகையில் ஒட்டி, வாத்தியாருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள். இருபத்தொன்பதாம் தேதி பணம் ஏறியது. தளத்துக்காரன் பிடித்தது போக ஆயிரத்து முந்நூற்று நாற்பது. அதில் பழைய நஷ்டத்தைக் கழித்தாலும் மிச்சம் நின்றது. மகாராஜா போனை வாங்கிப் பார்த்து, “ஏளா, பரவால்லியே! கெட்டிக்காரிதான்,” என்றார். அந்த வார்த்தைக்காக இரண்டு மாதமாகக் காத்திருந்தவள்தான். வந்தபோது ருசிக்கவில்லை. தோசையைத் திருப்பிப் போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் அறுநூற்றெழுபது ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு பதினான்கு படியும் இறங்கினாள். பொன்செல்வி தரையில் உட்கார்ந்து உறைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள். பதறி எழுந்தாள்.

“வாங்கக்கா. இருங்க, காப்பி போடுதேன்.”

“காப்பி கிடக்கட்டும். இந்தா, பாதி.” ரூபாயை நீட்டினாள். “ஏளா, உண்மையைச் சொல்லு. முப்பதாம் தேதி போனா என் பெட்டி முழுசும் உன்கிட்ட வந்திருக்கும். எதுக்கு அந்த ஆளை மாடிக்கு அனுப்பின?”

பொன்செல்வி ரூபாயை வாங்கவில்லை. பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள். “அண்ணாச்சி போட்ட சத்தம் எனக்கும் கேட்டுச்சுக்கா. பெட்டி கீழ வந்துட்டா, நீங்க இந்த ஜென்மத்துல கீழ வந்திருப்பீகளா?”

வந்திருக்க மாட்டாள், அது ஆறுமுகத்தாய்க்கு நன்றாகத் தெரியும். மூக்கை முந்தானையால் துடைத்தாள். ரூபாயைப் பொன்செல்வியின் மடியில் போட்டுவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“மேல பத்திரிகை தீந்துபோச்சு. உன்கிட்ட இருக்கதுல கொஞ்சம் தா. மிச்சப் படத்தையெல்லாம் மறுபடி சேத்துக் கட்டணும், ரெண்டு பெட்டியும் ஒண்ணா.”

பொன்செல்வியின் முகம் மலர்ந்துவிட்டது. பீரோவுக்கு மேலிருந்து ஒரு பெரிய பத்திரிகைக் கட்டை இறக்கி, பழக்கதோஷத்தில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று போட ஆரம்பித்தாள்.

“எண்ணாத,” என்றாள் ஆறுமுகத்தாய். “பிடிச்ச பிடி அள்ளிக் குடு.”

பொன்செல்வி சிரித்துக்கொண்டே கட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அவள் மடியில் வைத்தாள். ஆறுமுகத்தாய் வாங்கிக்கொண்டாள். பொன்செல்வி கையில் இருந்த கட்டு விரற்கடை அளவு கனமாகத்தான் இருந்தது. ஆறுமுகத்தாய் அதைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள்.

“ஏளா, காப்பி போடுதேன்னியே, எங்க?” என்றாள்.