சீட்டில் இருந்த ஆறு மணி நேரம்

விமானச் சீட்டு போட்டுத் தந்தவன் பதினாலு மணி நேரப் பயணம் என்றான். நான் நம்பவில்லை. காலை பத்துக்குக் கிளம்பி மாலை நாலுக்கு இறங்கும் என்று சீட்டிலேயே அச்சடித்திருந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?

விமான நிலையத்திலிருந்து, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவுக்கு போன் செய்தேன்.

"இன்னும் ஏழு மணி நேரத்துல நெஞ்சுல கத்தி வச்சிடுவாங்கடா. அதுக்குள்ள உன் மூஞ்சியப் பார்த்துடணும்."

"ஆறே மணி நேரம்க்கா. வந்து நிப்பேன்."

விமானம் கிளம்பி ஆறு மணி நேரம் ஆனதும் பையை மடியில் வைத்துக்கொண்டேன். பணிப்பெண் சிரித்தாள். "இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு ஐயா. அங்க கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னாடி ஓடும்."

அதற்குப்பின் கண் மூடவில்லை. முன் இருக்கைத் திரையில், பதினோராயிரம் கிலோமீட்டர் கோட்டின்மேல் குட்டி விமானம் ஒட்டிய ஈ மாதிரி நகராமல் கிடந்தது.

கால் வீங்கி, இடுப்பு விட்டுப்போய் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வர முடியாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மாமா" என்றான் அக்கா மகன். "என் தம்பி பொய் சொல்லமாட்டான், அவன் வந்தாத்தான் ஆபரேஷன்னு ஒரே அடம். நாளைக்குத் தள்ளிட்டாங்க."

"ஆபரேஷனுக்குன்னு சாப்பிடாம கிடந்தவள நாள் பூரா பட்டினி போட்டுட்டியேடா" என்றாள் அக்கா. "லாரி ஓட்டுறப்பவும் இப்படித்தான். இதோ வந்துட்டேம்ப, ரெண்டு நாள் ஆகும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"ஒன்பது."

கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்கா மகனிடம் நீட்டினேன்.

"இந்த ஊர் நேரம் வச்சுக் குடு."