பேசிக்கொண்டே போகும் வேகம்

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை நிரந்தரமாவதற்கு ஒரே ஒரு தேர்வுதான். பதறிக்கொண்டு பேசுகிறவரின் முகவரியை ஒரே தடவை கேட்டு, பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த மருமகள் முதல் முறை கோட்டைவிட்டாள். எல்லாம் புருஷன் செய்த புண்ணியம். "ஓடினா மூளை சுறுசுறுப்பாகும்" என்று எங்கோ கேட்டுவந்து உசுப்பிவிட்டான். இவளும் மையம் வரை தலைதெறிக்க ஓடினாள். ஹெட்போனை மாட்டினால் காதுக்குள் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான். இடது பக்க வீடு வலது பக்கமாகிவிட்டது. உயிர் போகிற அவசரத்தில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினால் உருப்படுமா?

இன்று இரண்டாவது வாய்ப்பு. இதையும் விட்டால் வேலை போனதுதான்.

போன தடவை ஓடியது போதவில்லை என்று புருஷன் சொன்னதை நம்பி, மறுபடியும் ஷூ மாட்டி வாசலில் நின்றவளை நாத்தனார் பிடித்துக்கொண்டாள். புருஷனின் அக்கா, பக்கத்துத் தெருக்காரி, வீட்டில் பட்டப்பெயர் வானொலி. "இரும்மா, நானும் அந்தப் பக்கந்தான் வர்றேன்."

"அண்ணி, நான் ஓடணும்."

"ஓடு, யாரு வேணாம்னா? மாடி வீட்டு வாஷிங் மெஷின் கதையைக் கேட்டுட்டு ஓடு."

தலையெழுத்தே என்று கூட நடந்தாள். வானொலி வேகமாகத்தான் நடப்பாள். ஆனால் பேச்சு அறுந்துபோகிற வேகத்தில் ஒருநாளும் நடக்கமாட்டாள். வெறும் 'ம்' கொட்டினால் விடமாட்டாள், நடுநடுவே கேள்வி வேறு. பதில் சொல்ல இவளுக்கும் மூச்சு மிச்சம் இருக்க வேண்டியிருந்தது. மையம் வந்தபோது நெற்றியில் லேசான வேர்வை, உடம்பில் இதமான சூடு. தலை மட்டும் துடைத்து வைத்த மாதிரி தெளிவாக இருந்தது.

ஹெட்போனில் ஒருவர் அலறினார்: "பேக்கரிக்குப் பின்னாடி, நீலக் கேட்டு, ரெண்டாவது மாடி, இடது பக்கம், அப்பாவுக்கு நெஞ்சுவலி!"

ஒரு சொல் சிந்தாமல் திருப்பிச் சொன்னாள்.

"தேறிட்டீங்க" என்றார் மேற்பார்வையாளர். "போன தடவை உங்க மூச்சு சத்தந்தான் கேட்டுச்சு. இன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"கதை கேட்டேன் சார்."

வெளியே வந்ததும் முதல் போன் புருஷனுக்கு அல்ல. அண்ணியின் அழைப்பு வந்தாலே குளியலறைக்குள் ஒளிகிறவள், இன்று தானாகக் கூப்பிட்டாள்.

"அண்ணி, பாஸாயிட்டேன். நீங்க பிடிச்சு வைக்கலைன்னா இன்னைக்கும் ஓடித் தொலைச்சிருப்பேன். ரொம்ப நன்றி அண்ணி." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

வானொலியிடமிருந்து ஒரு விசும்பல் வந்தது.

"அண்ணி? அழறீங்களா?"

"இல்லம்மா." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "என் பேச்சால ஒருத்தருக்கு நல்லது நடந்துச்சுன்னு இன்னைக்குத்தான் கேக்கறேன்."

"நாளைக்கும் சேர்ந்து நடக்கலாமா அண்ணி? அந்த மெஷின் கதை பாதியில நிக்குது."