ஒரு கிலோமீட்டர் வட்டம்

முப்பது வருடமாக வாயை மட்டுமே முதலாகப் போட்டு வீடு விற்ற தரகர், ஐம்பத்தெட்டு வயதில் நோட்டும் பேனாவுமாக மருந்துக்கடை மாடிக்குப் படியேறினார். சனிக்கிழமைதோறும் அங்கே இணைய விளம்பர வகுப்பு. தொழிலுக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். முதல் இரண்டு வாரம் அது பொய்யும் இல்லை.

பாடம் எடுத்தவள் அவருடைய மகள் வயதுப் பெண். என்றாலும் அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார். அவள் சொன்ன அடிப்படை எளிமையானது. போனில் யாராவது வீடு தேடினால், வரும் பட்டியலுக்கு மேலே நம் விளம்பரம் நிற்கும். பார்த்துவிட்டுப் போனால் நமக்குச் செலவில்லை. விரல் வைத்துத் தொட்டால்தான் காசு. ஆகவே யார் தொட வேண்டும், எந்த ஊரில் இருப்பவர் தொட வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்தவன் பிழைப்பான். கண்டவர்களுக்கெல்லாம் காட்டுகிறவன் கையைச் சுட்டுக்கொள்வான்.

மூன்றாவது வாரம் டீச்சர் வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறித்து, அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டாள். இந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் தெரியும் என்றாள். தரகரின் பேனா நின்றுவிட்டது. இன்னும் சின்னதாக, ஒரே ஒரு தெருவுக்கு, ஒரே ஒரு வீட்டுக்குப் போட முடியாதா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த டைல்ஸ் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குக் கீழே குறையாது என்றாள் டீச்சர்.

ஒரு கிலோமீட்டர் போதும் என்று அவருக்குத் தோன்றியது. மூன்று வருடமாக நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தவருக்கு அது எதிர்வீடு மாதிரி.

மகள் அவரோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. மனைவி இறந்த ஆறாவது மாதம், அந்த வீட்டில் தனியாக இருக்க முடியாமல் அவர் வீட்டையே விற்றார். வெளியூரில் வேலையில் இருந்த மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விற்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அவளோ ஆபீஸ் இடைவேளையில், யாரோ அனுப்பிய விளம்பரத்தில் தன் வீட்டைப் பார்த்தாள். அன்று ஒரே ஒருமுறை போன் செய்தாள். "எங்கம்மா நின்ன இடத்தை ‘காற்றோட்டமான சமையலறை’ன்னு எழுதியிருக்கீங்கப்பா" என்றாள். அழக்கூட இல்லை. மறுவாரம் அந்த எண் உபயோகத்தில் இல்லை.

அவருடைய தங்கையிடம் மட்டும் புது எண் இருந்தது. கல்லில் நார் உரிப்பதாகப் பெயரெடுத்தவர் தங்கையிடம் தோற்றார். "நம்பர் தரமாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டேன் அண்ணே" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, எந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்பதற்குச் சத்தியம் எதுவும் வாங்கவில்லை என்று சொல்லி, அதை மட்டும் சொன்னாள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். பெண் போனும் கையுமாக வீடு தேடிக்கொண்டிருக்கிறாளாம்.

ஒருமுறை அந்த ஊருக்கு ரயில் ஏறிப் போய், நிலைய வாசலில் ஒரு சாயங்காலம் முழுக்க நின்று பார்த்தார். ஆயிரம் தலைகள் போயின. இரண்டு முறை யாரோ ஒரு பெண்ணின் பின்னால் நாலடி நடந்துவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்பினார்.

இப்போது அந்த நிலையத்தின் மேல் வட்டத்தைப் போட்டார். ஒரு தலைப்புக்கு முப்பது எழுத்துக்கு மேல் இடமில்லை. பழக்க தோஷத்தில் நல்ல தண்ணீர், பஸ் வசதி என்று எழுதினார், அழித்தார். கடைசியில், விற்ற பிறகு குடிபோன சின்ன வீட்டில் மகளுக்கென்று விட்டுவைத்திருந்த அறையை நினைத்து, ‘மாடி அறை காலியாக இருக்கிறது’ என்று போட்டார். கீழே விவரத்தில், ‘கேட்காமல் விற்றது தவறு. இந்த அறை விற்பனைக்கு இல்லை, வாடகைக்கும் இல்லை’ என்று சேர்த்தார்.

வீட்டுப்பாடத்தைத் திருத்த வந்த டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். வீடு இந்த ஊரில், வட்டம் அந்த ஊரில். விற்கிறதும் இல்லை, வாடகையும் இல்லை. முதல் நாளே செய்யாதீர்கள் என்று சொன்ன தப்பையெல்லாம் ஒரே விளம்பரத்தில் செய்திருக்கிறீர்களே என்றாள். வேறு வழியில்லாமல் தரகர் விஷயத்தைச் சொன்னார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி சார், உங்க பொண்ணு என்ன வார்த்தை போட்டுத் தேடுவாங்க? அதைச் சொல்லுங்க, அதுக்குத்தான் விளம்பரம் வரும்."

தரகர் நானூறு குடும்பத்துக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர். பல் டாக்டருக்குக் கிழக்கு வாசல், வக்கீலுக்கு இரண்டு கார் நிறுத்த இடம் என்று இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மகளுக்கு எப்படிப்பட்ட வீடு பிடிக்கும் என்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழனிப்பானையில் விழுந்த கதைதான். "தெரியலையேம்மா" என்றார். அன்றுதான் அவளை டீச்சர் என்று கூப்பிட மறந்தார். அவளாகவே நாற்பது விதமாக யோசித்து, தனியாக இருக்கும் ஒரு பெண் எப்படியெல்லாம் தேடுவாளோ அத்தனை வார்த்தைகளையும் சேர்த்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தினம் காலையில் கணக்கைத் திறந்து பார்ப்பது அவருக்கு வேலையானது. இன்று நாற்பது பேர் பார்த்தார்கள், தொட்டவர் யாருமில்லை, செலவு பூஜ்யம். காசு போகவில்லையே என்று ஏங்கிய தரகர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அந்த நாற்பதில் ஒருத்தி அவளாக இருக்கலாம், பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டிருக்கலாம் என்று நினைத்து, அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்தார். இரண்டாவது வாரம் மூன்று பேர் தொட்டார்கள். மூவரும் போன் செய்து வாடகை எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். குடியிருக்கத்தான், ஆனால் உங்களுக்கு இல்லை என்று அவர் சொன்னதில் ஒருவர் கோபித்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள், ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. யாரோ விளம்பரத்தைத் தொட்டு, விசாரணைப் படிவத்தையும் நிரப்பியிருந்தார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. கேள்விக்கான கட்டத்தில் ஒரே வரி.

‘இதையும் விளம்பரத்துலதான் சொல்லுவீங்களா?’

அவர் அந்தக் காலி வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது, நியாயமான அறை. கேள்விக்குக் கீழே தொலைபேசி எண் இருந்தது. எண் போடாமல் படிவம் நகராது என்பது உண்மைதான். ஆனால் கைக்கு வந்த பத்து இலக்கத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் பாதிப் பேர்.

வாடிக்கையாளரைப் பால்கனியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, முதலில் விளம்பரத்தை நிறுத்தினார். பிறகு எண்ணை அழுத்தினார். நாலு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு அவருக்குத் தெரியும்.

"உன்னைக் கேட்டிருக்கணும்மா" என்றார். 

மகள் போனை வைக்கவில்லை.