மண்ணைத் தூங்கவைத்த பிள்ளைகள்

அந்த வருஷம் வசந்தம் ஊர் முழுக்க வந்தது. எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. கோடி வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் மண்ணைத் தூங்கவைத்துவிட்டதுதான் காரணம். பக்கத்துத் தெருவில் பட்டாணிக் கொடி வேலியில் ஏறிவிட்டது, இங்கே ஒரு புல்கூடத் தலைகாட்டவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கும் நர்ஸ். ஊர் எழுந்திருக்கும்போதுதான் அவள் படுப்பாள். அப்பா கப்பலில் வேலை, போனில் வரும் குரலோடு சரி. பகலில் அத்தைதான் ஜன்னலோரம் தையல் மெஷினை மிதித்தபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். முன்பு இருந்த மாடி வீட்டில் ஒரு தொட்டி வைக்கக்கூட இடமில்லாமல் திண்டாடிய அம்மா, கொல்லையில் கையகல மண் இருக்கிறது என்பதற்காகவே இந்த வீட்டைப் பிடித்திருந்தாள். வீட்டு ஓனருக்கோ அந்த மண்மேல் ஒரு கண். வசந்தம் முடிவதற்குள் ஏதாவது முளைத்தால் சரி, இல்லாவிட்டால் சிமெண்ட் போட்டுக் காரை நிறுத்திக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

குளிர் விட்டதும் அம்மா தூக்கக் கண்ணோடு வந்து மண்ணைக் கொத்தினாள். பெரியவள் விரலால் குழி போட, தெருவே ‘வாலு’ என்று கூப்பிடும் சின்னவன் பட்டாணியும் முள்ளங்கி விதையும் கேரட் விதையுமாகப் போட்டு மூடினான். மறுநாளே எல்லாவற்றையும் தோண்டி, முளைத்துவிட்டதா என்று பார்த்தான். அதற்கடுத்த நாளும் பார்த்தான். அம்மா பொறுமையாகத் திரும்பப் புதைத்துவிட்டு, “விதை தூங்குதுடா, அம்மா மாதிரி. எழுப்பக் கூடாது” என்று சொல்லிப் படுக்கப் போனாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அம்மா தூங்கும்போது வீட்டை அமைதியாக வைத்திருப்பதில் அந்தப் பிள்ளைகள் பலே கில்லாடிகள். செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்தார்கள். பாத்திமேல் போர்வை விரித்தார்கள். தட்டிக்கொடுத்துத் தாலாட்டினார்கள். அத்தையின் மெஷினைக்கூட மெதுவாக மிதிக்கச் சொன்னார்கள். முதலில் பாத்தி தூங்கியது, அப்புறம் கொல்லை, அப்புறம் வேலி தாண்டித் தெருவின் தோட்டம் அத்தனையும். தரையில் காதை வைத்தால் மெல்லிய குறட்டை கேட்டது. எதிர்வீட்டுக்காரர் மூட்டை மூட்டையாக உரம் கொட்டிப் பார்த்தார். குறட்டை இன்னும் சுகமாக வந்தது.

வசந்தம் முடிகிற சமயம் ஓனர் சிமெண்ட் மூட்டைகளை இறக்கினார். டியூட்டி முடிந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, கொல்லைப் படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது பிள்ளைகள் பார்த்ததே இல்லை. பெரியவள் பாத்திக்கு ஓடினாள். போர்வையை உருவினாள், வாளியைத் தட்டினாள், குதித்தாள். மண் புரண்டுகூடப் படுக்கவில்லை. கலவை போட ஆட்களும் வந்துவிட்டார்கள். இடியே விழுந்தாலும் எழாத அம்மாவை எழுப்ப அந்த வீட்டில் ஒரே ஒரு வழிதான் உண்டு, அதில் வாலு தேர்ந்தவன். அவன் பாத்தியில் குப்புறப் படுத்து, மண்ணில் வாயை வைத்து, சாதாரணமாகச் சொன்னான்.

“அம்மா, பசிக்குது.”

குறட்டை நின்றது. படியில் அழுதுகொண்டிருந்த அம்மாவும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள். மண் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. பட்டாணிக் கொடி சிமெண்ட் மூட்டைகளைத் தூக்கி வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, காய்த்துக்கொண்டே மேலே ஏறியது. கேரட்டுகள் கழுவினாற்போல் தாமாகவே வெளியே வந்தன. எதிர்வீட்டு உரமெல்லாம் ஒரேயடியாகப் பலித்து, ரோஜா அவருடைய கூரையைத் தொட்டது. தெருவே வெளியே வந்து கைதட்டியது. ஓனர் ஒரு பட்டாணியை உரித்து வாயில் போட்டார், இனிப்பாகத்தான் இருக்கிறது என்றார், மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அம்மா அன்றைக்குத் தூங்கவே இல்லை, பிள்ளைகளோடு மண்ணில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் குளிர் விட்டதும் தெருக்காரர்கள் வாலுவைத்தான் கூப்பிடுகிறார்கள். இப்போது அவனுக்கு மீசை வந்துவிட்டது, குரலும் தடித்துவிட்டது. மண்ணுக்கு அதெல்லாம் கணக்கில்லை, கேட்டதும் பதறி எழுந்துவிடுகிறது. உள்ளே அசந்து தூங்கும் அம்மாவும் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறாள்.